கெர்சன் நடந்த நான்கு நாள்

எல்போ க்ரீக், மினசோட்டா
20 ஜூன் 1996

அன்புள்ள ஹன்னலோர்,

வீடு வந்து எட்டு நாளாகிறது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. என் மனைவி லவான் நேற்று பொறுமையிழந்து, "ஒண்ணு உக்காருங்க, இல்ல வெளிய போய் புல்லையாவது வெட்டுங்க" என்றாள். புல்லை வெட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

உங்கள் தடம் பார்ப்பவர் கெர்சன் இன்னும் தேடுகிறாரா? அந்தக் கூடூ மான் கிடைத்ததா?

நான் சுட்டது சரியாகத்தான் பட்டது என்று இப்போதும் நினைக்கிறேன். ஒன்பதாம் தேதி சாயங்கால வெயில் கண்ணில் அடித்தது. அந்த முறுக்குக் கொம்பு இரண்டும் முள்மரத்துக்கு மேலே தெரிந்ததும் என் மூச்சு என் வசத்தில் இல்லை. ஆனாலும் பட்டது. ரத்தத்தை நீங்களும் பார்த்தீர்கள்.

எங்கள் வீட்டு நிலவறைச் சுவரில், மூஸ் என்கிற கனடா மானின் தலைக்கும் புல்வெளி மான் தலைக்கும் நடுவில் மூன்றடி இடம் விட்டிருக்கிறேன். கிளம்புவதற்கு முன்பே பெரிய ஆணி ஒன்றும் அடித்துவிட்டேன். அந்த ஆணிதான் இப்போது என்னைப் பார்க்கிறது.

இன்னொரு விஷயம். பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வேட்டை விருந்து நடக்கும். ஊரே வரும். இந்த முறை பேசப்போவது நான்தான். கொம்பை மேசையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பது வழக்கம். முந்தாநாள் காபிக் கடையில் நண்பன் கெர்மிட், "கூடூ கெடச்சுதா?" என்று கேட்டான். தலையை ஆட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். மிச்சத்தை அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

கிடைத்தால் எழுதுங்கள். கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள்.

ஆர்விட் லோக்கன்


ரூஹே பண்ணை, ஓமாருரு, நமீபியா
9 ஜூலை 1996

அன்புள்ள ஆர்விட்,

கிடைத்துவிட்டது. முழுவதையும் படித்துவிட்டுச் சந்தோஷப்படுங்கள்.

உங்கள் விமானம் ஜூன் பதினொன்றாம் தேதி கிளம்பியது. பதின்மூன்றாம் தேதி காலை கெர்சன் மானைக் கண்டுபிடித்தார், உயிரோடு. உங்கள் குண்டு முன்னங்காலில், தோளுக்குக் கீழே பட்டிருந்தது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு பக்கத்துப் பண்ணை வேலி வரைக்கும் போயிருக்கிறது. மற்ற நாளாயிருந்தால் ஒரே தாவலில் தாண்டியிருக்கும். தாண்ட முடியாமல் வேலியோரமாகவே முன்னும் பின்னும் நடந்திருக்கிறது. மண்ணில் பாதை விழுந்திருந்ததை நானே பார்த்தேன். கெர்சனிடம் துப்பாக்கி கிடையாது. புகை போட்டுக் கூப்பிட்டார். நான் வண்டியில் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. சுட்டது நான்.

எங்கள் அப்பா காலத்திலிருந்து இந்தப் பண்ணையில் ஒரு வழக்கம். விழுந்த மிருகத்தின் வாயில் பச்சைக் கிளை ஒன்றை வைப்போம், அதன் கடைசிக் கவளமாக. இன்னொரு கிளையை அதன் ரத்தத்தில் தொட்டுச் சுட்டவரின் தொப்பியில் செருகுவோம். அடிபட்டு ஓடியதைத் தடம் பார்த்து யாராவது கண்டுபிடித்திருந்தால், சுட்டவர் தன் கிளையில் பாதியை ஒடித்து அவருக்குக் கொடுக்க வேண்டும். நான் பாதி ஒடிக்கவில்லை, முழுவதையும் கெர்சனுக்கே கொடுத்துவிட்டேன். இப்போது அவர் தொப்பியில் இருக்கிறது. இறைச்சியைப் பண்ணையின் ஏழு வீடுகளும் பகிர்ந்துகொண்டன.

கொம்பின் நீளம் ஐம்பத்து நான்கு அங்குலம். இருபது வருடத்தில் இங்கே இவ்வளவு பெரியது விழுந்ததில்லை. மிருகத்துக்குக் காயம் பட்டாலே அது சுட்டவர் கணக்கு என்பதுதான் இங்கே பேச்சு. ஆக, கொம்பு உங்களுடையது. ஆனால் என்னைக் கேட்டால் விட்டுவிடுங்கள். கடைசி நாள் நீங்கள் சுட்ட ஓரிக்ஸ் மானின் கொம்பை அனுப்புகிறேன், அது நன்றாக விழுந்த மிருகம்.

ஹன்னலோர் ஷ்டைன்


எல்போ க்ரீக்
27 ஜூலை 1996

ஹன்னலோர்,

ஐம்பத்து நான்கு என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் விட்டுவிடுங்கள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நான் கல் நெஞ்சக்காரன் இல்லை. அந்த வேலியைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். வந்து மறுபடி படித்தேன். மறுபடி நடந்தேன். நாய் இப்போது என்னைக் கண்டாலே மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சுவரில் தலைகளை மாட்டி வைத்திருப்பவன் செத்த மிருகங்களைப் பார்த்து ரசிக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். லவான்கூட, "இது வீடா, கல்லறையா?" என்பாள். நான் பார்ப்பது மிருகத்தை இல்லை. அந்த மூஸைப் பார்த்தால் எனக்கு என் தம்பி மைலோ தெரிகிறான். கனடாவில் ஆறு நாள் மழை. கூடாரம் ஒழுகுகிறது. மைலோ பான்கேக்கைக் கருக்கிவிட்டு, "இதுதான் இந்த ஊர் ருசி" என்கிறான். அவன் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. போட்டோவில் அவன் முகம்தான் இருக்கிறது, அந்த மழை இல்லை. மூஸின் தாடியில்தான் மழை இருக்கிறது. கொம்பைக் கொண்டுவராத நாளெல்லாம் எனக்கு மறந்து போயிருக்கிறது. எனக்கு அறுபத்தொன்பது வயது. இனி ஆப்பிரிக்காவுக்கு இன்னொரு தடவை வருவேனா தெரியாது.

உங்களிடம் மறைத்து என்ன பயன்? காபிக் கடையில் நான் தலையை மட்டும் ஆட்டவில்லை. "ஒரே குண்டு, நின்ன எடத்துலயே விழுந்துச்சு" என்று சொன்னேன். சொன்னது கெர்மிட்டிடம். அவனிடம் சொன்னால் வானொலியில் சொன்ன மாதிரி. இப்போது தேவாலயத்தின் மாத இதழில் என் பெயரும் கூடூ மான் படமும் போட்டிருக்கிறார்கள். வெறும் கையோடு அந்த மேசை முன்னால் நிற்க என்னால் முடியாது. பாடம் செய்யவெல்லாம் நேரம் இல்லை, மண்டையோட்டோடு கொம்பு வந்தால் போதும். அனுப்பிவிடுங்கள்.

ஆர்விட்


ரூஹே பண்ணை
18 ஆகஸ்ட் 1996

அன்புள்ள ஆர்விட்,

அனுப்புவதற்குத்தான் உட்கார்ந்தேன். கொம்பைக் கழற்றி, உப்புப் போட்டு, விண்ட்ஹூக்கில் பெட்டி கட்டுபவருக்குத் தகவலும் சொல்லிவிட்டேன். ஏற்றுமதிப் படிவத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாவது கட்டத்தில் கொன்ற நாள். ஆறாவதில் கொன்றவர். ஏழாவதில் சாட்சி. உங்கள் பாஸ்போர்ட்டில் ஜூன் பதினொன்று என்று முத்திரை விழுந்திருக்கிறது. மான் செத்தது பதின்மூன்று. உண்மையை எழுதினால் கொன்றவர் ஹன்னலோர் ஷ்டைன். என் மானை நீங்கள் வேட்டையாடியதாக எப்படி அனுப்புவது? நான் தடுக்கவில்லை ஆர்விட், நாள்காட்டி தடுக்கிறது.

மைலோவைப் பற்றி எழுதியதைப் படித்தேன். நியாயம்தான். எங்கள் வீட்டுக் கூடத்திலும் தலைகள் இருக்கின்றன, ஒன்றைப் பார்த்தால் என் கணவர் தெரிகிறார். கொம்பு வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். என் பிழைப்பே அதுதான். ஆனால் மூஸில் மைலோ தெரிகிறார் என்றால், இந்தக் கூடூவில் என்ன தெரியும்? பத்தாம் தேதி மதியம் தெரியும். காய்ந்த ஆற்றங்கரையில் நாம் மூவரும் நிற்கிறோம். கெர்சன் குனிந்து ஒரு துளி ரத்தத்தைக் காட்டுகிறார், இன்னும் ஈரம். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இதுலயே மாட்டிக்கிட்டா ஓரிக்ஸ் போயிடுமே" என்றீர்கள்.

நானும் சரி என்றேன். விருந்தாளி கேட்டால் சரி என்று சொல்லியே பழகிவிட்டேன். தடத்தை விட்டுவிட்டு உங்களை ஓரிக்ஸ் பக்கம் வண்டியில் கூட்டிப்போனது நான்தான். என் பங்கு எனக்குத் தெரியும். கெர்சன் மட்டும் வண்டியில் ஏறவில்லை.

ஹன்னலோர்


எல்போ க்ரீக்
3 செப்டம்பர் 1996

ஹன்னலோர்,

பத்து என்று எழுதுங்கள். பத்தாம் தேதி நான் அங்கேதான் இருந்தேன், கையில் துப்பாக்கியோடு. மூன்று நாள் வித்தியாசம். அந்த மானுக்கு இனி எந்தத் தேதியானால் என்ன? உங்கள் அலுவலகத்தில் யாராவது வந்து மானிடம் விசாரிக்கப் போகிறார்களா?

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். கெர்மிட்டும் இன்னும் மூன்று பேரும் அடுத்த ஜூனில் உங்கள் பண்ணைக்கு வருவதாக இருக்கிறார்கள். என் பேச்சை நம்பித்தான் வருகிறார்கள். என் பேச்சு பொய்யென்று ஆனால் அவர்கள் எங்கே போவார்கள் என்று நான் சொல்ல முடியாது.

அந்த ஆற்றங்கரையை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். எனக்கு ஞாபகம் இருந்தது.

ஆர்விட்


ரூஹே பண்ணை
29 செப்டம்பர் 1996

ஆர்விட்,

இங்கே மூன்றாவது வருடமாக மழை இல்லை. மாடுகளில் பாதியை விற்றுவிட்டேன். ஏழு வீடும் இப்போது வேட்டைக்கு வருகிறவர்களை நம்பித்தான் அடுப்பு மூட்டுகின்றன. நால்வர் வராமல் போவது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. அது தெரிந்துதான் நீங்கள் எழுதினீர்கள்.

அதனால் எழுதினேன். கொன்ற நாள், பத்து. கொன்றவர், ஆர்விட் லோக்கன்.  எழுத இவ்வளவு சுலபமாக இருந்ததுதான் எனக்கு வருத்தம்.

சாட்சிக் கையெழுத்துக்குக் கெர்சனைக் கூப்பிட்டேன். எல்லா வருடமும் அவர்தான் போடுவார். காது ஒடிந்த கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"இதுல பத்துன்னு போட்டிருக்கும்மா."

"ஆமா கெர்சன். அவருக்கு அப்படித்தான் வேணுமாம்."

"பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு, அந்த மூணு நாளும் நான் எங்கம்மா நடந்தேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார். முதல் நாள் மதியம் ஆற்றங்கரையில் அவரைத் தனியாக விட்டுவிட்டு வந்தோம். கையில் ஒரு குடுவைத் தண்ணீர். இரண்டாம் நாள் ரத்தம் நின்றுவிட்டது, மூன்று கால் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் கல் பூமி, தடமே இல்லை. அன்று நான், "விட்டுடுங்க கெர்சன், அவரு ஊருக்கே போயிட்டாரு" என்றேன். "அவரு போனா என்னம்மா, மானு போகலியே" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த நாளெல்லாம் காகிதத்தில் இல்லை என்றால் அவர் எங்கே நடந்தார்?

 கெர்சன் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, மாட்டுத்தொட்டி ஒழுகுகிறது என்று அதைப் பார்க்கப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

படிவத்தைக் கிழித்துவிட்டேன். உங்கள் நால்வரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஹன்னலோர்


எல்போ க்ரீக்
21 அக்டோபர் 1996

திருமதி ஷ்டைன் அவர்களுக்கு,

நாங்கள் வேறு பண்ணையைப் பார்த்துக்கொள்கிறோம். ஓரிக்ஸை மட்டும் அனுப்பி வையுங்கள்.

ஆ. லோக்கன்


ரூஹே பண்ணை
14 நவம்பர் 1996

திரு. லோக்கன் அவர்களுக்கு,

ஓரிக்ஸ் நேற்று கிளம்பியது. கொன்ற நாள் ஜூன் பத்து, கொன்றவர் ஆர்விட் லோக்கன், சாட்சி கெர்சன் நவோபெப். அன்று மதியம் அவர் நம்மோடு இல்லை என்றாலும், சாயங்காலம் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்து தோலுரித்தவர் அவர்தான். அதனால் கையெழுத்துப் போட அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கூடூ கொம்பை அது விழுந்த இடத்திலேயே, வேலியோர மரக் கவட்டையில் வைத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

ஹ. ஷ்டைன்


எல்போ க்ரீக்
16 பிப்ரவரி 1997

அன்புள்ள ஹன்னலோர்,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவீர்களோ என்று பயம். போட்டாலும் நியாயம்தான். போடுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

ஓரிக்ஸ் ஜனவரியில் வந்து சேர்ந்தது. பெட்டியை உடைத்தேன். அழகான கொம்பு, கத்தி மாதிரி நேராக. கையில் எடுத்ததும், மைலோவும் மழையும் வருகிற மாதிரி, அந்த நாள் வந்தது. ஓரிக்ஸ் விழுந்த இடம் வரவில்லை. ஆற்றங்கரை வந்தது. வண்டி கிளம்புகிறது, நான் திரும்பிப் பார்க்கிறேன், கெர்சன் குனிந்தபடியே நடந்து போகிறார். கொம்பு எனக்கு எதையும் மறக்க விடாது என்று நான்தான் உங்களுக்கு எழுதினேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

மூன்று வாரம் அதைச் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். பலகையை இழைப்பது, துப்பாக்கியைத் துடைப்பது, துடைத்ததையே மறுபடி துடைப்பது. விருந்துக்கு முதல் நாள் லவான் படியிறங்கி வந்தாள்.

"அந்தக் கூடூவ நீங்க வீழ்த்தல, இல்ல?" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. நீங்க சொல்ற எல்லா வேட்டைக் கதையிலயும் எங்கயாவது தடுக்கி விழுவீங்க, இல்ல தொப்பிய ஆத்துல விடுவீங்க. இதுல மட்டும் ஒண்ணுமே ஆகல. ஜூன் மாசமே தெரியும்."

எட்டு மாதம் அவள் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் சாப்பிட்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கடிதங்களையும் கொடுத்தேன். கெர்சன் கேட்ட கேள்வியிடம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த இடத்தை மறுபடி படித்தாள். அப்புறம், "நாளைக்கு மேசையில எதையாவது வைக்கணுமே, ஓரிக்ஸ எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

எடுத்துப்போனேன். நூற்று நாற்பது பேர். மான் குழம்பு, உருளைக்கிழங்கு, எலுமிச்சை கேக்.  பேசக் கூப்பிட்டதும் கெர்மிட் முன்வரிசையிலிருந்து, "இதா கூடூ?" என்றான். சிரிப்பு. சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். பிறகு சொன்னேன். இது ஓரிக்ஸ். இன்னொரு மானை முன்னங்காலில் சுட்டுவிட்டு, தேடுவதைப் பாதியில் விட்டு, மறுநாள் மதியம் இதைச் சுட்டேன். அந்த மான் நான்கு நாள் உயிரோடு இருந்தது. ஒரே குண்டு என்று உங்களிடம் சொன்னது பொய். அந்த நான்கு நாளும் அதன் பின்னால் நடந்தது கெர்சன் நவோபெப் என்பவர். அவர் பெயரை இரண்டு தடவை சொன்னேன், சரியாகச் சொல்ல வேண்டும் என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தேன்.

யாரும் கை தட்டவில்லை. ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். இந்த வாரம் காபிக் கடையில் என் மேசையில் இரண்டு நாற்காலி காலி. கெர்மிட் மட்டும் நான்காம் நாள் வந்து உட்கார்ந்தான். காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கினான். பிறகு, "அந்த கெர்சன் இன்னும் அந்தப் பண்ணையிலதான் இருக்காரா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்ப அங்கயே போவோம்" என்றான். மற்ற மூவரும் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

அந்த நால்வரை வைத்து உங்களை மிரட்டினேன். அது நான் சுட்டதைவிட மோசம். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கிறேன், மன்னித்தே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை.

எனக்கு இப்போது கொம்பு வேண்டாம். மே மாதம் நான் வரலாமா? துப்பாக்கி இல்லாமல். அந்த நான்கு நாளையும் கெர்சன் என்னை நடத்திக் கூட்டிப்போவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். ஆற்றங்கரையிலிருந்து வேலி வரைக்கும். இன்னமும் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை ஹன்னலோர், நடந்தாலாவது தேவலை.

ஆணியில் லவான் நாள்காட்டியை மாட்டிவிட்டாள்.

ஆர்விட்


ரூஹே பண்ணை
11 மார்ச் 1997

அன்புள்ள ஆர்விட்,

அடுப்பில் போடவில்லை. கெர்சனுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். நூற்று நாற்பது பேர் முன்னால் தன் பெயரைச் சொன்னதைக் கேட்டு, "சரியா சொன்னாராம்மா?" என்று மட்டும் கேட்டார். கண்ணாடி முன்னால் பழகினாராம் என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

வரலாம் என்கிறார். சில நிபந்தனைகள். உங்கள் பூட்ஸ் கீச்சிடுகிறது, வேறு கொண்டு வரவும். தண்ணீரை அவரவர்தான் சுமக்க வேண்டும். அவருக்கு நான்கு நாளானது உங்களுக்கு ஆறு நாள் ஆகுமாம். வழியில் கைக்கடிகாரம் கட்டக்கூடாது.

கொம்பு இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. ஆனால் புழு பிடித்துவிட்டது. இந்த ஊரில் கொம்பைத் தின்னும் புழு ஒன்று உண்டு, மண் குழல் மாதிரி கூடு கட்டி உள்ளே போய்விடும். மேலுறை பாதி உதிர்ந்துவிட்டது. இனி அளந்தால் ஐம்பத்து நான்கு வராது. தள்ளிப்போடாமல் மே மாதமே வாருங்கள்.

இன்னொன்று. அவர் தொப்பியில் அந்தக் கிளை இன்னும் இருக்கிறது. இலை எல்லாம் போய்க் குச்சிதான் மிச்சம். சுட்டவர் ஒடித்துத் தடம் பார்த்தவருக்குக் கொடுப்பதுதான் வழக்கம் என்று எழுதியிருந்தேன். கெர்சன் மாற்றிச் செய்யப் போகிறாராம். "வேலி வரைக்கும் நடந்து வந்தாருன்னா பாதி ஒடிச்சுக் குடுக்கறேன். பாதி வழியில உக்காந்தா கெடயாது" என்றார்.

நான் ஓமாருருவில் விசாரித்துவிட்டேன். செடி, கிளை, குச்சி எதையும் உங்கள் நாட்டுக்குள் கொண்டுபோக விடமாட்டார்களாம். ஆகவே குச்சியோடு தொப்பியையும் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். கூடத்தில் கெர்சன் தன் தொப்பியை மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஆணி ஒன்று அடித்து வைத்திருக்கிறேன்.

ஹன்னலோர்